யாருக்கு அங்கீகாரம், யாருக்குச் சேவை?

சமூகப்பணி படிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒரு மையம் தொடங்கணும் அக்கா, அரசு அங்கீகாரம் எப்படி வாங்குறது?” நல்ல கேள்விதான். ஆனால் இதைப் படிவம், கட்டணம், சான்றிதழ் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். அரசு யாரை அங்கீகரிக்கிறது, அந்தச் சேவை யார் வீட்டு வாசல் வரை போகிறது என்ற மீதிப் பாதி, அரசியல் கேள்வி.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநில வரலாறு உதவும். வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவர்களுக்கான சேவையை அங்கே சட்ட உரிமையாக ஆக்கினார்கள். தனியாரை அங்கீகரித்து அவர்களிடமிருந்து அரசு சேவை வாங்கும் முறை அங்கே அரை நூற்றாண்டுக்கு மேலாக நடக்கிறது. அப்படியிருந்தும் அங்கே ஒரு பாகுபாடு வளர்ந்தது. அது எப்படி வெளியே வந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய பாடம்.

பூட்டிய கதவு

1960கள் வரை அங்கே அரசுச் சேவை என்றால் பெரிய விடுதிதான். 1891இல் சோனோமா மாவட்டத்தின் க்ளென் எலன் என்ற ஊருக்கு அப்படியொரு விடுதி வந்தது. குழந்தையை அங்கே விட்டுவிடு, இல்லையென்றால் எந்த உதவியும் இல்லாமல் வீட்டிலேயே வைத்துக்கொள். பெற்றோருக்கு இருந்த வழி இவ்வளவுதான்.

உள்ளே என்ன நடந்தது? 1909இல் அந்த மாநிலம் கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தது. 1979இல் அது நீக்கப்படும் வரை, அரசு விடுதிகளிலும் மனநல மருத்துவமனைகளிலும் இருந்த சுமார் 20,000 பேருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. அது மிக அதிகமாக நடந்த இடங்களில் சோனோமாவும் ஒன்று. 1920 முதல் 1945 வரையான கருத்தடைப் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களுக்குக் கருத்தடை செய்யப்படும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட 59 சதவீதம் அதிகமாக இருந்தது என்று காட்டியது. ஆண்களில் அது 23 சதவீதம் அதிகம். ‘புத்தி குறைந்தவர்’ என்ற முத்திரை எல்லார் மேலும் ஒரே மாதிரி விழவில்லை. யார் ஏற்கெனவே கீழே வைக்கப்பட்டிருந்தார்களோ அவர்கள் மேல்தான் கனமாக விழுந்தது.

கதவைத் திறந்த சட்டம்

இதை உடைத்தது பெற்றோர்களின் இயக்கம். 1960களில் மாநில விடுதிகளில் 13,000க்கும் மேற்பட்டவர்கள் அடைந்து கிடந்தார்கள். வெளியே இடத்துக்குக் காத்திருந்தவர்கள் இன்னும் ஆயிரக்கணக்கில். 1965இல் வந்த சட்டப்படி, சோதனை முயற்சியாக லாஸ் ஏஞ்சலீஸிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் இரண்டு வட்டார மையங்கள் தொடங்கின. 1969இல் சட்டமன்ற உறுப்பினர் ஃபிராங்க் லான்டர்மன் கொண்டுவந்த சட்டம் அதை மாநிலம் முழுவதற்கும் விரித்தது. பிறகு மூளை முடக்குவாதம், வலிப்பு, ஆட்டிசம் உள்ளவர்களும் சேர்க்கப்பட்டார்கள். இன்று மொத்தம் 21 மையங்கள்.

இந்த மையங்கள் அரசு அலுவலகங்கள் அல்ல. அரசோடு ஒப்பந்தம் போட்ட, லாப நோக்கமில்லாத அமைப்புகள். ஒருவரின் தேவையை மதிப்பிட்டு, அவரோடும் குடும்பத்தோடும் உட்கார்ந்து தனித்திட்டம் எழுதி, அதில் உள்ள சேவைகளை வெளியிலிருந்து வாங்கித் தருவதுதான் இவற்றின் முக்கிய வேலை. வாங்க வேண்டுமென்றால் விற்பவர் வேண்டுமே? அங்கேதான் அங்கீகாரம் வருகிறது. அங்கீகாரம் பெற்றவரை ‘வென்டார்’ என்கிறார்கள்.

வென்டார் ஆவது எப்படி? உங்கள் இடம் எந்த வட்டார மையத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கே விண்ணப்பிக்க வேண்டும். விடுதி நடத்துவதாக இருந்தால் சமூகநலத் துறையின் உரிமம் தனியாக வேண்டும். பல சேவைகளுக்கு விரிவான திட்ட அறிக்கை எழுத வேண்டும்: யாருக்கு என்ன சேவை, எத்தனை ஊழியர், அவர்களின் தகுதி என்ன, முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள். ஒவ்வொரு வகைச் சேவைக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. அதைப் பொறுத்துத் தகுதியும் கட்டணமும் மாறும். எல்லா ஆவணமும் சேர்ந்த பிறகு 45 நாளுக்குள் மையம் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். ஒரு மையம் அங்கீகரித்துவிட்டால் மற்ற மையங்களும் உங்கள் சேவையை வாங்கலாம். ஆனால் யாரையாவது அனுப்பியே தீர வேண்டும் என்ற கட்டாயம் எந்த மையத்துக்கும் இல்லை. கடைக்கு உரிமம் கிடைக்கும், வாடிக்கையாளருக்கு உத்தரவாதம் கிடையாது.

இந்தச் சட்டத்தின் பலம் 1985இல் தெரிந்தது. நிதி நெருக்கடியைக் காட்டி அரசு சேவைகளை மொத்தமாக வெட்டப் பார்த்தது. பெற்றோர் அமைப்பு வழக்குப் போட்டது. தனித்திட்டத்தில் எழுதிய சேவை அந்த மனிதரின் உரிமை, பணம் இல்லை என்று துறை அதைக் குறைக்க முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. 1994இல் இன்னொரு வழக்கு சமரசத்தில் முடிந்து, சுமார் 2,000 பேரை ஐந்து ஆண்டுகளில் விடுதிகளிலிருந்து வெளியே கொண்டுவர அரசு ஒப்புக்கொண்டது. சோனோமா விடுதி 2018 கடைசியில் மூடப்பட்டது.

உரிமை ஒன்று, கிடைத்தது வேறு

இதோடு நிறுத்தினால் இது வெற்றிக் கதை. ஆனால் 2011 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் நாளிதழ் துறையின் செலவுக் கணக்கைத் தோண்டி எடுத்தது. 3 முதல் 6 வயது வரை உள்ள ஆட்டிசக் குழந்தைகளுக்கு முந்தைய ஆண்டு ஆன சராசரிச் செலவு: வெள்ளைக் குழந்தைக்கு 11,723 டாலர், லத்தீன் குழந்தைக்கு 7,634 டாலர், கறுப்பினக் குழந்தைக்கு 6,593 டாலர்.

சட்டம் ஒன்றுதான். படிவமும் ஒன்றுதான். சட்டத்தில் எங்கேயும் நிறம் இல்லை. பிறகு எப்படி இந்த வித்தியாசம்?

கேட்டால்தான் கிடைக்கும் என்ற அமைப்பில், கேட்கத் தெரிந்தவர்களுக்கே அதிகம் கிடைக்கும். கூட்டத்துக்கு வர வேலையில் விடுப்பு வேண்டும். அதிகாரியோடு வாதாட ஆங்கிலம் வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு செய்ய நேரமும், சில சமயம் வக்கீலும் வேண்டும். இன்னொரு பக்கம், 2003 முதல் பல சேவைகளின் கட்டணத்தை அரசு உறைய வைத்தது. கையில் முதலீடு இல்லாதவர், ஏழைகள் வாழும் பகுதியில் ஸ்பானிய மொழி பேசும் ஊழியரை வைத்து மையம் தொடங்குவது இன்னும் கடினமானது. திட்டத்தில் சேவை எழுதியிருக்கும். தரத்தான் பக்கத்தில் ஆள் இருக்காது.

செய்தி வந்த அடுத்த ஆண்டு, 2012இல், சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு வட்டார மையமும், யாருக்கு எவ்வளவு சேவை அனுமதித்தோம், அதில் எவ்வளவு பயன்பட்டது, எவ்வளவு செலவானது என்பதை இனம், மொழி, வயது, குறைபாடு வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பொதுக்கூட்டம் கூட்டி மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். 2016 முதல் இந்த இடைவெளியைக் குறைக்க ஆண்டுக்கு 1 கோடியே 10 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். இடைவெளி மறைந்துவிடவில்லை. ஆனால் ‘இங்கே எல்லாரும் சமம்’ என்று சொல்லித் தப்பிக்க இனி எந்த அதிகாரியாலும் முடியாது. எண்கள் மேசை மேல் இருக்கின்றன.

நம் பக்கம்

இந்தியாவிலும் அங்கீகாரத்துக்குச் சட்டம் இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் தொண்டு நிறுவனங்களும் பெற்றோர் சங்கங்களும் பதிவு செய்துகொள்ளலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 50ஆவது பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழ் இல்லாமல் தனியார் யாரும் மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் நடத்தக் கூடாது. அதே சட்டத்தின் 24ஆவது பிரிவு, சமூகப் பாதுகாப்புத் திட்டங்களை அரசு தன் ‘பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு’ வகுக்கும் என்கிறது. 1985இல் கலிஃபோர்னிய நீதிமன்றம் எந்தச் சாக்கை ஏற்க மறுத்ததோ, அந்தச் சாக்கு இங்கே சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.21 சதவீதம். பட்டியல் சாதியினரில் 2.45 சதவீதம். நம்மிடம் தேவை கூடுதல் என்று அரசின் கணக்கே சொல்கிறது. ஆனால் பதிவு பெற்ற மையங்களை நடத்துவது யார், அங்கே சேர்கிற குழந்தைகள் யார், ஆகும் செலவு யாருக்கு எவ்வளவு என்பதைச் சாதி வாரியாக ஆண்டுதோறும் வெளியிடச் சொல்லும் பிரிவு இந்த இரண்டு சட்டங்களிலும் இல்லை. மையம் ஊருக்குள் இருக்க, குழந்தை சேரியில் இருந்தால் அந்தத் தூரம் எந்தக் கணக்கிலும் ஏறாது. கூலி வேலைக்குப் போகிற அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, ‘டாக்டர் இன்னிக்கு லீவு’ என்று கேட்டுத் திரும்பிப் போவது யார் பதிவேட்டில் இருக்கிறது?

அதனால் மையம் தொடங்க நினைக்கும் தோழர்களுக்கு மூன்று விஷயம். ஒன்று, சட்டத்தைப் படியுங்கள், பதிவு வாங்குங்கள். அந்த நாற்காலியை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்தது போதும். இரண்டு, எந்தெந்தத் தெருக்களுக்குப் போவீர்கள் என்பதைத் திட்ட அறிக்கையிலேயே எழுதுங்கள். யார் வந்தார்கள், யார் பாதியில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்று முதல் நாளிலிருந்தே பதிவேடு வையுங்கள். மூன்று, மையம் தொடங்காதவர்களும் செய்யக்கூடியது: உங்கள் மாவட்டத்தில் பதிவு பெற்ற நிறுவனங்கள் எவை, அவற்றில் பயன்பெறும் பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகள் எத்தனை பேர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். ‘அப்படிப் பிரித்துக் கணக்கு வைப்பதில்லை’ என்று பதில் வந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள். அடுத்த மனுவுக்கும், தேவைப்பட்டால் வழக்குக்கும் அதுதான் முதல் ஆவணம்.