ஊசிக்காக இடம் பெயர்ந்த ஆய்வகம்

வடக்கு எது என்று கேட்டால் திசைகாட்டியை எடுத்து நோக்குவது நம் வழக்கம். ஆனால் காந்த ஊசி காட்டும் வடக்கும் பூமியின் மெய்யான வடக்கும் பெரும்பாலான இடங்களில் ஒன்றல்ல. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட கோணத்தைக் காந்த ஒதுக்கம் என்பர். அது இடத்திற்கு இடம் வேறுபடும், காலத்திற்கேற்பவும் மாறும். 1580-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் ஊசி ஏறத்தாழ 11 பாகை கிழக்கே ஒதுங்கி நின்றது. 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளிலோ அது 24 பாகைக்கு மேல் மேற்கே ஒதுங்கியிருந்தது.

ஒரு பாகை பிழையால் என்ன நேரும்? ஒரு கிலோமீட்டர் தொலைவில் நட வேண்டிய எல்லைக்கல் 17 மீட்டருக்கு மேல் விலகிப் போகும். இரு குடும்பங்கள் நீதிமன்றப் படியேற அதுவே போதும். ஆகவேதான் ஊசியின் போக்கை இடைவிடாது அளந்து பதிவு செய்யும் ஆய்வகங்கள் தோன்றின.

பம்பாய் நகரின் கொலாபாவில் இப்பணி 1841-இல் தொடங்கிற்று. அறுபது ஆண்டுகள் கழித்து அதற்கு ஓர் இடையூறு வந்தது. குதிரைகள் இழுத்த டிராம் வண்டிகளை மின்சாரத்தால் ஓட்ட முடிவு செய்தனர். மின்னோட்டம் உள்ள இடத்தில் காந்தப் புலமும் தோன்றும். ஊசி மண்ணின் காந்தத்தை விட்டு டிராமின் காந்தத்திற்கு ஆட ஆரம்பிக்கும்.

ஆய்வகத்தின் தலைவராய் இருந்தவர் நானாபாய் மூஸ். அப்பதவி வகித்த முதல் இந்தியர். டிராமைத் தடுக்க இயலாது. ஆய்வகத்தை இடம் மாற்றலாம் அல்லவா? கடலுக்கு அப்பால், தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அலிபாக் தேர்ந்தெடுக்கப்பட்டது. காந்தத் தன்மையற்ற பொருள்களால் அங்கே கட்டடம் எழுந்தது. எனினும் பழைய இடத்தை உடனே மூடிவிடவில்லை. 1904 முதல் 1906 வரை ஈரிடங்களிலும் ஒரே காலத்தில் அளந்து, வேறுபாட்டைக் கணித்தனர். அதனால் பழைய ஏடும் புதிய ஏடும் ஒரே தொடராக இணைந்தன. 1907-இல் மின்சார டிராம் ஓடியபோது, ஊசி அலிபாக்கில் அமைதியாக இருந்தது.

இன்று லேசர் ஒளியால் தொலைவை நொடியில் அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. அவற்றுள்ளும் மின்னணுத் திசைகாட்டி அமைந்திருப்பதுண்டு. அதைச் சீர் செய்பவர் மோட்டார் வண்டி, இரும்புவேலி, மின்கம்பி ஆகியவற்றை விட்டு விலகி நிற்க வேண்டும். அவ்விடத்திற்கும் அவ்வாண்டிற்கும் உரிய ஒதுக்கத்தைக் கருவியில் பதிக்க வேண்டும். அவ்வாறு விலகி நிற்கும் ஒவ்வொருவரும், மூஸ் அன்று செய்ததையே சிறிய அளவில் செய்கிறார்.