கடலுக்குள் போன குன்றுகள்

சிங்கப்பூர் சமதரையான ஊர் என்று நம்மவரிற் பலர் சொல்லக் கேட்கிறோம். தோட்டத்திலிருந்து தைப்பூசத்துக்கோ கடைவீதிக்கோ போய்த் திரும்பும் அன்பர்கள், “அங்கே மேடு ஏது, பள்ளம் ஏது? எங்கும் தார் ரோடுதான்” என்பர். ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணியாக இருந்து, மேட்டு நிரைகளின் கணக்கைப் பல ஆண்டுகளாய் எழுதி வருகிறவன் நான். சரிவிலே குலை சுமந்து இறங்குகிறவனுடைய முழங்கால் படும் பாட்டை நாள்தோறும் காண்கிறேன். ஆதலின் மேடில்லாத ஊர் என்ற பேச்சைக் கேட்குந்தோறும், அம்மேடுகளை அகற்றிய கைகள் யாருடையவை என்ற கேள்வியே எனக்கு எழுகின்றது.

உண்மையில் அவ்வூர் குன்றுகள் நிறைந்த ஊர். 1819-ம் ஆண்டில் ராபிள்ஸ் துரை வந்திறங்கியபோது, ஆற்றுக்கு வடபால் நின்ற குன்றை மலாய் மக்கள் புக்கிட் லாராங்கான், அதாவது தடுக்கப்பட்ட குன்று என்று அழைத்தனர். பண்டை அரசர்கள் வாழ்ந்தும் அடங்கியும் போன இடமென்று அஞ்சி ஒருவரும் அதில் ஏறார். பர்குவார் துரை மலாக்காவிலிருந்து வந்த ஆட்களைக் கொண்டு காட்டை வெட்டிப் பீரங்கியை மேலே இழுத்தேற்றினார் என்று முன்ஷி அப்துல்லா எழுதி வைத்திருக்கிறார். (இந்த அப்துல்லாவின் முன்னோர் நாகூரில் தங்கித் தமிழ்ப் பெண்ணை மணந்த அரபு வழியினர் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.) பிற்காலத்தில் அக்குன்றின் தலையைச் சமமாக்கிக் கோட்டை கட்டினர், 1861-ல் வேலை முடிந்தது, இந்தியாவின் கவர்னர் ஜெனரலாயிருந்த கானிங் பிரபுவின் பெயரை இட்டனர். 1928-ல் நீர்த்தேக்கத்துக்காக அங்கே மண் தோண்டிய தொழிலாளர் பொன்னாபரணங்களைக் கண்டெடுத்தனர். அவை 14-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அஞ்சி ஒதுங்கிய மலாய்க்காரரின் நினைவு வெறுங்கதையன்று என்பது அன்று விளங்கிற்று.

குன்றை வெட்டித் தாழ்விடத்தைத் தூர்க்கும் வழக்கம் அவ்வூரில் 1822-லேயே தொடங்கிவிட்டது. ஆற்றின் தென்கரை அப்போது சேறும் சதுப்புமாக இருந்தது. இன்று ராபிள்ஸ் பிளேஸ் என வழங்கும் இடத்துக் குன்றை உடைத்து, அந்த மண்ணால் கரையைத் தூர்த்தனர். சீனரும் மலாய்க்காரரும் நம்மவருமாக இருநூறு முந்நூறு பேர் கூலிக்கு மண் சுமந்தனர். பின்னர் செட்டிமார்களின் கிட்டங்கிகள் வரிசையாக நின்று வட்டிக்கடை நடந்த மார்க்கெட் தெருவும் அதன் அருகிலேதான் எழுந்தது.

இனிச் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கும். 1825-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சென்னை மாகாணத்துக் கைதிகள் 80 பேர் பென்கூலனிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தனர். அதன்பின் வங்காளத்தாரும் பிறரும் வந்தனர். 1873 வரை அவ்வூரின் பொதுவேலைகளிற் பெரும்பகுதி இக்கைதிகளின் முதுகின் மேலேயே நடந்தது. தெற்குப் பாலச் சாலை, புக்கிட் தீமா சாலை, செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், 1864-ல் முடிந்த கோலியர் கடற்சுவர் ஆகியவற்றைப் பார்த்துப் பிரமிக்கிற நாம், கல்லுடைத்தவனை எண்ணுவதில்லை. கடற்சுவருக்குப் பெயர் கொடுத்த கோலியரும், 1845-ல் தெலோக் பிளாங்கா குன்றின் உச்சிக்கு வளைபாதை வெட்டுவித்து அதற்குத் தம் பெயரை விட்டுச்சென்ற பேபரும் சென்னைப் பட்டாளத்துப் பொறியாளர்கள். மேற்பார்த்தவனும் சென்னையிலிருந்து வந்தான்; மண் தூக்கியவரிலும் பலர் சென்னையிலிருந்து வந்தனர். ஒருவன் பெயர் தேசப்படத்தில் நின்றது. மற்றவரின் பெயர் சிறைப் பதிவேட்டோடு போயிற்று.

விடுதலைச் சீட்டுப் பெற்ற கைதிகள் பலர் ஊருக்குத் திரும்பவில்லை. வண்டி ஓட்டியும் மாடு வளர்த்தும் அங்கேயே குடும்பமாயினர். எங்கள் குடும்பத்திலும், பாட்டனாரின் பாட்டனார் அவ்வாறு வந்தவர் என்று அடுப்படியிலே மெதுவாகப் பேசிக்கொள்வதுண்டு. என் தங்கைக்கு வரன் பேச வந்தவர்கள், “நீங்கள் எந்தக் காலத்தில் வந்தவர்கள்?” என்று கேட்டனர். எங்கள் பெரியப்பா உடனே, “ரப்பர் காலத்தில்” என்றார். பாட்டனார் வாய் திறக்கவில்லை. ஆனால் சாப்பாட்டுக்கும் உட்காரவில்லை. சாதியை மறைத்தால் சீர்திருத்தம் என்கிறோம். உழைப்பை மறைப்பதற்கு என்ன பெயரிடுவது?

கைதிகள் காலம் முடிந்த பின்னும் குன்றுகளுக்கு அழிவு ஓயவில்லை. 1879-ல் தெலோக் ஆயர் கரையைத் தூர்க்கும் வேலை தொடங்கிற்று. அதற்கு முன்னே நாகூர் தர்காவும், குச்சுப் பள்ளி எனப்பட்ட சூலியா பள்ளிவாசலும், சீனரின் தியான் ஹோக் கெங் கோவிலும் அலை தெறிக்கும் கரையில் நின்றவை. கப்பலிலிருந்து இறங்கியவன் முதலிற் செய்தது, உயிரோடு சேர்த்ததற்கு அங்கே நன்றி சொல்வது. வாலிச் குன்றை வெட்டி அந்தக் கடலுக்குள் கொட்டினார்கள். ராபின்சன் ரோடும் செசில் தெருவும் அந்நிலத்தின் மேல் எழுந்தன. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பால்மர் குன்றும் அவ்வழியே போயிற்று. வாலிச் என்பவர் கல்கத்தா அரசாங்கத் தோட்டத்துத் தாவர நிபுணர். பால்மர் கல்கத்தா வர்த்தகர். இன்று வாலிச் தெருவும் பால்மர் ரோடும் இருக்கின்றன, குன்றுகளோ இல்லை. நாகூர் தர்காவின் வாசலில் நின்று கடலைத் தேடுகிறவன் வானளாவிய கட்டடங்களையே காண்பான். ஆன் சியாங் குன்றுச் சரிவு மட்டும் தப்பியது. அதில் ஏறிப் பார்த்தால் பழைய தெருக்களின் செங்குத்து ஒருவாறு தெரியும்.

எங்கள் பாட்டனாரும் ஒரு குன்றைக் கடலுக்கு அனுப்பியவரே. 1966-ல் கிழக்குக் கரையைத் தூர்க்கத் தொடங்கியபோது சிக்லாப், பெடோக் மேடுகளை இடித்தனர். மண் ஓடும் பட்டையில் கரைக்குப் போயிற்று. அவர் வேலை அந்தப் பட்டையிலிருந்து சிந்தியதை வாரி மீண்டும் போடுவது. “நாலு வருஷம் வாரினேன். மேடு போய்விட்டது, சிந்தல் மட்டும் ஓயவில்லை” என்பார்.

சென்ற ஆண்டு அவரை அழைத்துக்கொண்டு பால்மர் ரோடுக்குப் போயிருந்தேன். குன்று போயும், ஹபீப் நோ என்னும் பெரியாரின் அடக்கத்தலம் நிற்கும் திட்டு மட்டும் வெட்டப்படாமல் இருக்கிறது. படியேறிச் செல்ல வேண்டும். பாட்டனார் பாதிப் படியில் மூச்சு வாங்க நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கத்துச் சரிவின் மண்ணை விரலாற் கிள்ளிப் பார்த்தார். “செம்மண்தான். பெடோக்கிலும் இதே மண்” என்றார். பிறகு, “உன் தங்கை வீட்டுக்காரரை ஒருநாள் இங்கே கூட்டி வா. எங்கள் பாட்டன் எப்படி வந்தான் என்பதை நானே அவரிடம் சொல்லிவிடுகிறேன்” என்று சொல்லி, மீதிப் படிகளை ஏறத் தொடங்கினார்.