பதவியின் குரலும் மனிதரின் குரலும்

கல்வெட்டும் செப்பேடும் போலவே அரசு அலுவலகக் கடிதங்களும் வரலாற்றுச் சான்றுகளே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகள் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துள் அடங்கியிருந்தன. பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல்தான். அந்நாளில் இவ்வூர்களின் நிலம், ஏரி பற்றிய தாள்கள் தாலுகா கச்சேரியினின்று கலெக்டர் வழியாகச் சென்னை வருவாய் வாரியம் வரை சென்றன. சட்ட ஐயம் எழுந்தவிடத்து, அரசு தன் தலைமை வழக்கறிஞராகிய அட்வகேட் ஜெனரலின் கருத்தைக் கேட்டது. அவர் எழுதிய விடை கோப்பில் சேர்ந்தது. அக்காலத்து அரசுக் கோப்புகள் பல இன்று சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

இவை வறண்ட தாள்கள் எனக் கவிஞர்கள் ஒதுக்கிவிடுதல் கூடாது. 1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் ஜமீன் குடிகளுக்குத் தாம் உழும் நிலத்தில் நிலைத்த உரிமை அளித்தது. நிலவரி பெறும் உரிமை மேல்வாரம். உழுபவன் உரிமை குடிவாரம். களத்துமேட்டில் வழங்கிய இவ்விரு தமிழ்ச் சொற்களும் மொழிபெயர்க்கப்படாமலே ஆங்கிலச் சட்டநூலுள் புகுந்தன. உடையார்பாளையம் போன்ற ஜமீன் ஊர்களில் ஒரு சொல்லுக்குக் கொள்ளும் பொருளே ஒரு குடும்பத்தின் சோறாக இருந்தது.

ஆயினும் அக்கடிதங்களில் எழுதியவரின் நெஞ்சம் எளிதில் புலப்படுவதில்லை. ‘தெரிவித்துக்கொள்ளும் பெருமையுடையேன்’ என்னும் பொருளில் தொடங்கி, ‘தங்கள் பணிவுள்ள ஊழியன்’ என முடிவது அன்றைய ஆங்கில மரபு. அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் இயற்பெயர் கூறப்பெறாததை நாம் அறிவோம். ஆங்குப் பெயரின்மை உணர்வை எல்லார்க்கும் பொதுவாக்குகிறது. ஈண்டோ, மனிதர் பதவியினுள் மறைந்துவிடுகிறார். பேசுவது பதவியே.

அம்மறைப்பு நீங்கும் தருணங்களும் உண்டு. 1897இல் வெ. பாஷ்யம் ஐயங்கார் தற்காலிகமாகப் பொறுப்பேற்றபோதுதான் சென்னையில் இந்தியர் ஒருவர் முதன்முறையாக இப்பதவியில் அமர்ந்தார். பின்னர் அதனை வகித்தவர்களுள் ஒருவரான சேற்றூர் சங்கரன் நாயர், பஞ்சாபில் நிகழ்ந்த கொடுமைகளை எதிர்த்து 1919இல் வைசிராயின் நிருவாகக் குழுவினின்று விலகினார். இராமநாதபுரத்தில் பிறந்த எஸ். சீனிவாச ஐயங்கார் 1916 முதல் அட்வகேட் ஜெனரலாக இருந்து, 1920இல் அதனைத் துறந்தார். அரசு அளித்த சி.ஐ.இ. பட்டத்தையும் பின்னர்த் திருப்பியளித்தார். 1926இல் கௌகாத்தி காங்கிரசுக்கு அவரே தலைவர். அரசின் சார்பில் ஆண்டுக்கணக்கில் எழுதிய கை, தன் பொருட்டு எழுதியது விலகல் கடிதமே.

துறந்தவர் பெயரை வரலாறு குறித்துக்கொண்டது. குடிவாரம் கேட்டு மனுவின் அடியில் கைந்நாட்டு வைத்தவர் பெயரோ கட்டினுள் கிடக்கிறது. நம் வட்டாரக் கோப்புகளை நாடிச் சென்று அப்பெயர்களைப் படித்தெடுத்தல், பத்தாண்டு கண்ட நம் அமைப்பு அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.