ஒரு கரும்பு, இரண்டு விலை

நாமக்கல் மாவட்டத்து ஜேடர்பாளையம் படுகை அணையில் பிரிகிறது ராஜவாய்க்கால். அல்லாள இளைய நாயக்கர் வெட்டியது என்பார்கள். அந்தப் பாசனத்தில் விளையும் கரும்புக்கு வெட்டியபின் இரண்டு வழி உண்டு.

ஒன்று, பக்கத்துத் தோட்டத்து ஆலைக்கொட்டகை. பிழிந்த சக்கையைக் காயவைத்து அதையே அடுப்பில் எரிக்கிறார்கள். கொப்பரையில் சாறு கொதிக்கக் கொதிக்க அழுக்கை வழித்தெடுத்து, பதம் வந்ததும் தொட்டியில் கொட்டிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் வெல்ல உருண்டை பிடிக்கிறார்கள். முப்பது கிலோ சிப்பமாகக் கட்டியதும் பிலிக்கல்பாளையம் ஏலத்துக்குப் போகிறது. அங்கே விலை சொல்ல எந்த அமைச்சகமும் வராது. பண்டிகைக்கு ஏறும், அடுத்த வாரமே இறங்கும். சுதந்திரச் சந்தை என்பது இதுதான்.

மற்றது, வெட்டு உத்தரவு வாங்கி லாரியேறி, மோகனூர் கூட்டுறவு ஆலை மாதிரி ஒரு சர்க்கரை ஆலைக்குப் போகும் வழி. அங்கே விலையை டெல்லி எழுதுகிறது: 2025-26 பருவத்துக்கு, 10.25 சதவீதச் சர்க்கரைப் பிழிதிறன் இருந்தால் குவிண்டாலுக்கு 355 ரூபாய். டன் கரும்பில் சர்க்கரை போக மிஞ்சுவது 45 கிலோ அளவுக்கு மொலாசஸ். அதைப் புளிக்கவைத்து வடித்தால் பத்து லிட்டர் சொச்சம் எத்தனால் கிடைக்கும். சர்க்கரையே எடுக்காமல் சாற்றை நேரே வடித்தால் 70 லிட்டர் வரை வரும். எதிலிருந்து வடித்தது என்பதைப் பொறுத்து லிட்டர் விலை மாறும். 2022-23-இல் கடைசி மொலாசஸ் எத்தனாலுக்கு 49.41 ரூபாய், சாற்று எத்தனாலுக்கு 65.61. வடிப்பாலை கட்ட வாங்கிய கடனுக்கு வட்டியிலும் சலுகை. எத்தனால் மீதான ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. வாங்குவதும் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள்தான். அவர்களுடைய டிப்போவில்தான் பெட்ரோலோடு கலக்கிறது. வந்த பணத்தில் ஆலைகள் கரும்பு பாக்கியை அடைக்க முடிந்தது உண்மை, அதை மறுக்க முடியாது. ஆனால் 2023 டிசம்பரில், மழை குறைந்து சர்க்கரைக்குத் தட்டுப்பாடு வரும் என்ற பயத்தில், சாற்றிலிருந்து எத்தனால் எடுக்க அதே அரசு தடை போட்டது. பிறகு தளர்த்தியது.

அப்போது அரசின் கை நீண்டது மக்காச்சோளத்தின் பக்கம். அதிலிருந்து வடித்த எத்தனாலுக்கு லிட்டருக்கு 71.86 ரூபாய், கரும்பைவிட அதிகம். மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024-இல் வெளியிலிருந்து வரவழைத்தது. நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு இதுதான் வலித்தது. தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம். முட்டைக்கோ அரசு உத்தரவாத விலை எதுவும் இல்லை. வெல்லக் கொட்டகைக்கும் இல்லை. மானியம் வடிப்பாலையோடு நின்றுவிட்டது.

2025-இல் பெட்ரோலில் 20 சதவீதக் கலப்பு எட்டியாயிற்று. லிட்டருக்கு லிட்டர் எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். மைலேஜ் குறைந்தால் அந்த நட்டம் வண்டிக்காரருடையது.

எத்தனால் விலையை அறிவிக்கும் அன்றைக்கே, அந்த ஆண்டு வடிப்பாலைகளுக்கு எவ்வளவு மக்காச்சோளம், தீவனத்துக்கு எவ்வளவு என்பதையும் அரசு சேர்த்து அறிவிக்க வேண்டும்.