மாநிலங்களவையில் தமிழ்நாடு

இந்திய நாடாளுமன்றத்தின் மேலவையில் தமிழ்நாட்டுக்குரிய 18 இடங்களையும் அவற்றின் வரலாற்றையும் குறிக்கும் தலைப்பு. 1952இல் அவை அமைந்தபோது, ஆந்திரப் பகுதியையும் உள்ளடக்கிய சென்னை மாநிலத்துக்கு 27 இடங்கள் இருந்தன. உறுப்பினர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. 234 சட்டமன்ற உறுப்பினர்களே மாற்றத்தக்க ஒற்றை வாக்கு முறையில் தேர்ந்தெடுக்கின்றனர். பதவிக்காலம் 6 ஆண்டுகள். ஒரே நேரத்தில் 6 இடங்களுக்குத் தேர்தல் நடந்தால், வெற்றிக்குச் சுமார் 34 பேரின் ஆதரவு தேவை. எடுத்துக்காட்டாக, தென்காசி மாவட்டத்துத் தனித்தொகுதியான சங்கரன்கோவிலின் வாக்காளருக்கு இத்தேர்தலில் உள்ள பங்கு, அவர் தேர்ந்தெடுத்த சட்டமன்ற உறுப்பினரின் ஒரு வாக்கு மட்டுமே. 2003 முதல் வாக்கு வெளிப்படையானது: கட்சி உறுப்பினர் தாம் குறித்த வாக்குச்சீட்டைக் கட்சி முகவரிடம் காட்டிய பின்னரே பெட்டியில் இடவேண்டும். சி. என். அண்ணாதுரை 1962இலும் ஜெ. ஜெயலலிதா 1984இலும் இவ்வவைக்குச் சென்றனர். இருவரும் பின்னர் முதலமைச்சராயினர்.