ஹியூஸின் இரண்டாவது வெற்றி

தேர்தலில் முதன்முறை வெல்வதிலும் இரண்டாம் முறை வெல்வது அரிது. முதன்முறை மக்கள் வாக்குறுதியைக் கேட்பர். இரண்டாம் முறை செயலை நிறுத்துப் பார்ப்பர். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் 1908ஆம் ஆண்டு நடைபெற்ற ஆளுநர் தேர்தல் இதற்குத் தக்க சான்றாகும்.

சார்ல்ஸ் எவான்ஸ் ஹியூஸ் ஒரு சட்டத்தரணி. 1905இல் ஆயுட் காப்புறுதிக் கம்பனிகளின் முறைகேடுகளை ஆராய்ந்த சட்டசபைக் குழுவின் சார்பில் விசாரணை நடத்தி, மக்கள் கட்டிய பணம் கட்சிகளின் தேர்தல் நிதிக்குச் சென்ற வழிகளை வெளிப்படுத்தினார். அப்புகழே, 1906இல் பத்திரிகை அதிபர் வில்லியம் றண்டொல்ப் ஹேர்ஸ்ற்றை வென்று அவர் ஆளுநராவதற்குத் துணைநின்றது.

அந்நாளில் ஆளுநரின் பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள். அதற்குள் அவர் ஒரு பெரும் சோதனையை மேற்கொண்டார். சூதாட்டத்தை மாநில அரசியலமைப்புத் தடைசெய்திருந்தது. ஆயினும், 1895ஆம் ஆண்டுச் சட்டமொன்று குதிரைப் பந்தயத் திடல்களுக்குள் அத்தடையை வலுவிழக்கச் செய்தது. திடல்களின் வருமானத்தில் ஒரு பங்கு விவசாயக் கண்காட்சிகளுக்குக் கிடைத்தமையால், நாட்டுப்புறத்தாருக்கும் அதில் நயமிருந்தது. அரசியலமைப்பின் விதி வெறும் ஏட்டுச்சுரைக்காயாக இருத்தலாகாது என்பதே ஹியூஸின் வாதம். 1908 ஏப்ரிலில் செனற் சபையில் வாக்குகள் சரிசமமாகப் பிரிந்தமையால் மசோதா தோற்றது. அவர் தளராது விசேட கூட்டத்தொடரைக் கூட்டினார். யூன் மாதத்தில், சத்திரசிகிச்சையிலிருந்து முற்றாகத் தேறாத ஒற்றோ பெல்கர் என்னும் உறுப்பினர் நோயுடலோடு சபைக்கு வந்து வாக்களித்தார். 26க்கு 25 என்ற கணக்கில், ஒரே வாக்கினால் மசோதா நிறைவேறிற்று.

தம் சொற்படி பதவிகளை வழங்காத ஹியூஸைக் குடியரசுக் கட்சியின் உள்ளூர்த் தலைவர்கள் விரும்பவில்லை. எனினும், அவரைக் கைவிட்டால் சனாதிபதித் தேர்தலில் கட்சிக்குத் தீங்கு நேரும் என உணர்ந்த சனாதிபதி தியோடர் றூஸ்வெல்ற், அவருக்கே மீண்டும் இடமளிக்குமாறு வற்புறுத்தினார். நவம்பரில் ஹியூஸ் ஏறத்தாழ 69,000 வாக்குகள் முன்னிலையில் சனநாயகக் கட்சியின் லூயிஸ் சான்லரை வென்றார்.

ஆனால், அதே நாளில் அதே மாநிலத்தில் அதே கட்சியின் சனாதிபதி வேட்பாளரான ராவ்ற் பெற்ற முன்னிலை இரண்டு இலட்சத்துக்கும் அதிகம். கொள்கையில் உறுதியாக நின்றமைக்கு ஹியூஸ் செலுத்திய விலையை இவ்வேறுபாடு ஓரளவு காட்டுகின்றது. விலை கொடுத்தும் அவர் வென்றார் என்பதே நேயர்கள் கருதத்தக்கது. 1910இல் உயர் நீதிமன்ற நீதியரசராகிய அவர், 1930 முதல் 1941 வரை அமெரிக்காவின் பிரதம நீதியரசராக விளங்கினார்.