தொட்டால் தொற்றாத நோயும் தொடாதே என்ற சமூகமும்

எச்.ஐ.வி. தொடுவதால் பரவாது. ஆனால் இந்தியாவில் அதன் வரலாறு 'தொடாதே' என்பதில்தான் தொடங்குகிறது. தீண்டாமையைத் தலைமுறை தலைமுறையாக அனுபவித்தவர்கள் நாம். இந்த வரலாற்றை நாம்தான் முதலில் படித்திருக்க வேண்டும்.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் ஓர் ஆய்வை நடத்தினார்கள். மயிலாப்பூர் காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் இரத்தம் எடுத்தார் நிர்மலா. பிணை கட்டக் காசில்லாததால் அங்கே அடைபட்டிருந்தவர்கள் அவர்கள். வேலூர் சி.எம்.சி.யில் நடந்த சோதனையில் ஆறு பேருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது அப்படித்தான். அந்தக் கண்டுபிடிப்பு பல உயிர்களைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் என்ன சோதனைக்காக இரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களிடம் சொல்லப்படவில்லை.

அதன் பிறகு நடந்தது இன்னும் கொடுமை. தொற்று உறுதியான பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்தும் வெளியே விடவில்லை. 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் விடுதலை வாங்க வேண்டியிருந்தது. அவர்களிடம் வந்துபோன ஆண்களை யார் அடைத்தது? ஒருவரும் இல்லை. வைரஸ் இருவரிடமும் இருக்கலாம். பழி மட்டும் கீழே இருப்பவர் தலையில் விழும். சாதி இயங்கும் விதமும் இதுதானே?

கொல்கத்தாவின் சோனாகாச்சி வேறு வழி காட்டியது. 1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜனா அங்கே பணி தொடங்கியபோது பாலியல் தொழிலாளர்களையே சுகாதார ஊழியர்களாக்கினார். 1995இல் அவர்கள் தங்களுக்கென 'துர்பார்' என்ற அமைப்பைக் கட்டினார்கள். தனியாக நிற்கும் பெண் ஆணுறை வேண்டும் என்றால் வாடிக்கையாளர் அடுத்த வாசலுக்குப் போவான். எல்லா வாசலிலும் அதே பதில் வந்தால்? ஆணுறைப் பயன்பாடு பெருகியது. பூட்டு செய்யாததைச் சங்கம் செய்தது.

நம் தெருக்களில் சத்தமாகச் சொல்ல வேண்டியவை இவை: பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், பகிர்ந்துகொள்ளும் ஊசி, கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ தாயிடமிருந்து குழந்தைக்கு. எச்.ஐ.வி. பரவும் வழிகள் இவைதான். ஒரே தட்டு, ஒரே குவளை, கைகுலுக்கல், கொசு எதனாலும் பரவாது. ஒவ்வொரு முறையும் ஆணுறை அணிவது ஆணின் கடமை. மனைவியிடமும் அது பொருந்தும். கூட்டு மருந்து 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசம். அதை விடாமல் சாப்பிட்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே இருந்தால், உடலுறவு வழியாகவும் அது பரவாது. சம்மதமில்லாத பரிசோதனையையும் பாகுபாட்டையும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

சட்டம் வந்துவிட்டது, மருந்தும் வந்துவிட்டது. தொற்றுள்ளவருக்குத் தனிக்குவளை வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இரட்டைக் குவளையை எதிர்த்து நின்ற நாம், இந்த மூன்றாவது குவளையையும் உடைக்க வேண்டும்.